சீனக் கோடையைக் கடக்கும் முறை: லிஷியா முதல் லிச்சியூ வரை

கோடை வந்தால் சூட்டைத் தணிக்க வேண்டும் என்பதே நம் முதல் நினைப்பு. இளநீர், நுங்கு, மோர், எண்ணெய்க் குளியல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. சீன மரபும் சூட்டைத் தணிக்கத்தான் சொல்கிறது. ஆனால் வெயிலுக்கு அஞ்சுவதைவிட, வெயிலில் வெந்துவிட்டு அவசரமாகத் தேடும் குளிர்ச்சிக்கே அது அதிகம் அஞ்சுகிறது. ஐஸ் தண்ணீர், ஈரத் தலையோடு தூக்கம், வியர்த்த முதுகில் மின்விசிறிக் காற்று ஆகியவற்றையே கோடை நோய்களுக்கு வாசல் என்று கருதுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கடும் வெயிலில் இஞ்சி தின்பது, கொதிக்கும் ஆட்டு சூப் குடிப்பது போன்ற விசித்திரமாகத் தெரியும் வழக்கங்களுக்கும் காரணம் புரியும்.

'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற பழைய மருத்துவ நூலில் இதன் வேர் இருக்கிறது. இளவேனிலிலும் கோடையிலும் யாங்கைப் பேணு, கூதிரிலும் (இலையுதிர் காலம்) குளிரிலும் யின்னைப் பேணு என்கிறது அது. யாங் என்பது உடம்பின் வெப்பம், இயக்கம்; யின் அதற்கு எதிரான குளிர்ச்சி, ஓய்வு. கோடையில் யாங் தோல் பக்கம் வந்துவிடுவதால் வயிற்றுக்குள் சூடு குறைகிறது என்பது அவர்கள் கணக்கு. கிணற்றுத் தண்ணீர் கோடையில் குளிர்ந்தும் பனிக்காலத்தில் வெதுவெதுப்பாகவும் இருப்பதை இதற்கு உவமை சொல்வார்கள். நவீன உடலியல் இதை இப்படிச் சொல்லாது. ஆனால் வெயில் காலத்தில் பசி மந்தமாவதும், வயிறு எளிதில் கெடுவதும் அனுபவத்தில் உள்ளவைதான்.

நாட்களைக் கணக்கிடுவது

சீனர்கள் ஆண்டை 24 சூரியப் பருவங்களாகப் பிரிக்கிறார்கள். சூரியன் வான்பாதையில் 15 பாகை நகர்ந்தால் ஒரு பருவம். இந்த முறை 2016இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கோடைக்கு உரியவை ஆறு:

லிஷியா (கோடைத் தொடக்கம்): மே 5 அல்லது 6
ஷியாவ்மான் (கதிர் பால் பிடிக்கும் காலம்): மே 20 முதல் 22க்குள்
மாங்ஜோங் (கதிர் அறுப்பும் நாற்று நடவும்): ஜூன் 5 முதல் 7க்குள்
ஷியாஜி (நீண்ட பகல்): ஜூன் 21 அல்லது 22
ஷியாவ்ஷு (சிறுவெப்பம்): ஜூலை 6 முதல் 8க்குள்
தாஷு (பெருவெப்பம்): ஜூலை 22 முதல் 24க்குள்

ஆகஸ்ட் 7 அல்லது 8 வாக்கில் லிச்சியூ, அதாவது கூதிர்த் தொடக்கம் வரும். பெயரைப் பார்த்து வெயில் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

உண்மையான கடும் வெயிலுக்குத் தனிக் கணக்கு உண்டு. அதன் பெயர் சான்ஃபு, மூன்று ஃபு. 'ஃபு' என்றால் பதுங்கியிருத்தல். பத்து நாள் சுழற்சியில் ஏழாவதாக வரும் நாளுக்குக் கெங் என்று பெயர். ஷியாஜியிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது கெங் அன்று முதல் ஃபு தொடங்கும். ஷியாஜி நாளே கெங்காக இருந்தால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். நான்காவது கெங் அன்று நடு ஃபு. லிச்சியூவுக்குப் பிறகு வரும் முதல் கெங் அன்று கடைசி ஃபு.

2026ஐ எடுத்துக்கொள்வோம். ஷியாஜிக்குப் பின் கெங் நாட்கள் ஜூன் 25, ஜூலை 5, ஜூலை 15, ஜூலை 25 என்று வருகின்றன. ஆகவே முதல் ஃபு ஜூலை 15, நடு ஃபு ஜூலை 25. ஆகஸ்ட் 4ஆம் தேதியும் கெங்தான், ஆனால் அது லிச்சியூவுக்கு முன் வருவதால் கணக்கில் சேராது. அடுத்த கெங்கான ஆகஸ்ட் 14 அன்று கடைசி ஃபு தொடங்கி 23இல் முடியும். நடு ஃபு 20 நாள் நீண்டதால் அந்த ஆண்டு மொத்தம் 40 நாள். 2025இல் ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 18 வரை 30 நாளிலேயே முடிந்தது. ஒரு கெங் நாள் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் பத்துப் பத்தாகக் கூட்டுவதுதான்.

நீண்ட பகல் ஜூனில் இருக்க, உச்ச வெப்பம் ஏன் ஜூலைக் கடைசியில்? நண்பகலைவிடப் பிற்பகல் இரண்டு மணிக்குச் சூடு கூடுவதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான்: நிலம் வாங்கிய வெப்பம் சேர்ந்துகொண்டே போகிறது. யாங்சி ஆற்றுப் பகுதியில் ஜூன், ஜூலையில் பிளம் மழை என்ற தூறல் காலம் விட்டுப்போன ஈரமும் அதோடு சேர்கிறது. தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம் மே மாதமே முடிந்துவிடும். ஆகவே இந்தத் தேதிகளை நம் ஊருக்கு அப்படியே தூக்கி வந்து வைப்பதில் பொருளில்லை. இவை சீனத்து வானிலைக்கு எழுதிய கணக்கு.

முதல் கட்டம்: எடை பார்த்தலும் தேயிலை முட்டையும்

லிஷியா அன்று ஹாங்ஜோ முதலான ஜியாங்நான் (யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள) பகுதிகளில் பெரிய தூக்குக்கோலைக் கட்டி ஆட்களை எடை போடுவார்கள். குழந்தைகளைக் கூடையில் உட்கார வைப்பார்கள். லிச்சியூ அன்று மறுபடி போட்டு, கோடையில் எவ்வளவு இளைத்தோம் என்று பார்ப்பார்கள். வேடிக்கை போலத் தெரிந்தாலும் இந்த வழிகாட்டியிலேயே பயனுள்ள வழக்கம் இதுதான். கோடையில் பசியற்று இளைப்பதற்குச் சீனத்தில் 'கசப்புக் கோடை' என்றே பெயர் உண்டு. லிஷியா வாரத்தில் காலையில், வெறும் வயிற்றில், ஒரே மாதிரி உடையோடு எடை பார்த்து எழுதி வையுங்கள். சாப்பாடு குறைந்ததால் ஓரிரு கிலோ குறைவது வேறு. சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால் அது கோடையின் வேலையாக இருக்காது. சர்க்கரை, தைராய்டு, காசநோய் போன்றவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு முட்டை சாப்பிட்டால் கோடையில் துவள மாட்டோம் என்பது நம்பிக்கை. வெந்த முட்டையை நூல் வலைப்பையில் போட்டுக் குழந்தைகள் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அவர்கள் முட்டையோடு முட்டையை மோதி விளையாடுவார்கள். ஓடு உடையாதவர் வென்றார்.

தேயிலை முட்டைக்கு 10 முட்டை, கறுப்புத் தேயிலை 10 கிராம், அன்னாசிப்பூ 2, ஒரு துண்டுப் பட்டை, சோயா சாஸ் 4 மேசைக்கரண்டி, உப்பும் சர்க்கரையும் ஒவ்வொரு தேக்கரண்டி, தண்ணீர் 1 லிட்டர். முட்டையை 8 நிமிடம் வேகவைத்துக் குளிர்ந்த நீரில் போடுங்கள். கரண்டி முதுகால் தட்டி, ஓடு முழுதும் மெல்லிய கீறல் விழச் செய்யுங்கள். மற்றவற்றைக் கொதிக்கவிட்டு முட்டையைப் போட்டு, சிறுதீயில் 20 நிமிடம். ஆறியதும் அந்த நீரோடே குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். நிறமும் சுவையும் இறங்குவது இந்த ஊறலில்தான். பலர் அவசரப்பட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். வெள்ளைக்கரு ரப்பராகிவிடும், சுவையோ உள்ளே போயிருக்காது. கோடையில் இதை வெளியே வைத்து ஊறவிடுவது இன்னும் மோசம்.

ஷியாவ்மானில் கசப்புக் கீரை, அதன்பின் பாகற்காய். கசப்பு இதயத்துச் சூட்டை இறக்கும் என்பது அவர்கள் கோட்பாடு. பாகற்காயை உப்பில் பிசிறி, பிழிந்து, அதிகத் தீயில் இரண்டு நிமிடம் வதக்கினால் போதும். வயிற்றுப்போக்கு உள்ளவர் கசப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

ஷியாஜி: தண்ணீர் விட்ட நூடுல்ஸ்

குளிர்காலச் சூரிய முனையில் ஜியாவ்சிக் கொழுக்கட்டை, கோடை முனையில் நூடுல்ஸ் என்பது வடக்கே, குறிப்பாகப் பெய்ஜிங்கில், வழங்கும் சொலவடை. புதுக் கோதுமை வீட்டுக்கு வரும் காலம் அது. வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசி, எள் விழுது, பூண்டு, வினிகர், நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரிக்காய் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள்.

ஒருவருக்கு உலர் நூடுல்ஸ் 100 கிராம், வறுத்த எள் விழுது 2 மேசைக்கரண்டி, பூண்டு 2 பல், அரிசி வினிகர் 1 மேசைக்கரண்டி, உப்பு. எள் விழுதில் தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு ஒரே திசையில் கலக்குங்கள். முதல் கரண்டியில் அது இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டதென்று பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள், நான்காவது கரண்டியில் தானே இளகிப் பாலேடு போல வரும்.

தவறு நடப்பது அலசும் நீரில். குழாய்த் தண்ணீரில் அலசினால், அன்று மாலை வயிறு கலங்கியதற்குக் 'குளிர்ச்சி' மேல் பழி போட வேண்டிவரும். கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள், ஐஸ் வேண்டாம். பூண்டையும் வினிகரையும் சுவைக்காக மட்டும் சேர்ப்பதில்லை, கோடை வயிற்றுக் கோளாறுக்குக் காப்பு என்றும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவை அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்கிவிடாது.

மூன்று பானங்கள்

சுவான்மெய்தாங் என்ற புளிப்புப் பிளம் பானம்தான் வடசீனக் கோடையின் அடையாளம். 'மெய்' என்ற பிளம் காயைப் புகையில் கருக்கிய வூமெய் இதன் உயிர். சிங்கப்பூர், மலேசியாவில் சீன மருந்துக்கடைகளில் கிடைக்கும்.

2.5 லிட்டர் தண்ணீருக்கு வூமெய் 40 கிராம், உலர்ந்த ஷான்ஜா (சீன ஹாதார்ன் பழம்) துண்டு 30 கிராம், காய்ந்த கமலா ஆரஞ்சுத் தோல் 8 கிராம், அதிமதுரம் 5 கிராம், கற்கண்டு 80 கிராம், உலர்ந்த குய்ஹுவா (ஆஸ்மாந்தஸ்) பூ 2 கிராம்.

1. கற்கண்டும் பூவும் தவிர மற்றவற்றை விரைவாக அலசி, அளந்த நீரில் அரை மணி ஊறவிடுங்கள்.
2. அதே நீரோடு கொதிக்கவிட்டு, மூடி வைத்துச் சிறுதீயில் 40 நிமிடம்.
3. கற்கண்டு சேர்த்து மேலும் 10 நிமிடம்.
4. அடுப்பை அணைத்தபின் பூவைத் தூவி 10 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள்.

அலுமினியப் பாத்திரமும் இரும்புச் சட்டியும் வேண்டாம், புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் நல்லது. பூவைக் கொதிக்கவிட்டால் மணம் போய்க் கசப்பு நிற்கும். சூட்டில் சரியாகத் தோன்றும் இனிப்பு ஆறியதும் குறைந்து தெரியும், அதைக் கணக்கில் வையுங்கள். அதிமதுரத்தை 'நல்லதுதானே' என்று கூட்டாதீர்கள். நாள்தோறும் அதிகம் சென்றால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தையும், சர்க்கரை உள்ளவர்கள் கற்கண்டையும் விட்டுவிடலாம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு குவளை, அறை வெப்பத்தில். நெஞ்செரிச்சல், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு இது ஆகாது. குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும்.

இரண்டாவது பச்சைப்பயறு நீர். நமக்குத் தெரிந்த அதே பச்சைப்பயறுதான். ஆனால் தோல் நீக்கிய பாசிப்பருப்பில் செய்தால் பயனில்லை, குளிர்ச்சி தோலில் இருப்பதாகவே அவர்கள் கருதுகிறார்கள். பயறு 100 கிராம், தண்ணீர் 1.5 லிட்டர். ஊறவைக்காமல் கழுவி, நீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு மூடுங்கள். 8 முதல் 10 நிமிடத்தில் வரும் தெளிந்த பச்சை நீரை இறுத்துக் குடிப்பது வெயிலுக்கு. மீதிப் பயறில் மறுபடி நீர் விட்டு அரை மணி வேகவிட்டு, மலர்ந்ததும் கற்கண்டு போட்டுச் சாப்பிடுவது தனிப் பலகாரம்.

நீர் ஏன் சில வீடுகளில் செந்நிறமாகிறது என்பது அடிக்கடி வரும் கேள்வி. தோலிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டு நிறம் மாறுகின்றன. உப்புக் கரிக்கும் கடின நீரும் இரும்புப் பாத்திரமும் அதை விரைவாக்கும். வடிகட்டிய நீர், மூடிய பாத்திரம், நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு, இவ்வளவு போதும். பச்சையாக இருக்கட்டும் என்று சோடா உப்புப் போடுவது நேர் எதிரான வேலை. சிவந்த நீர் கெட்டது அல்ல, குடிக்கலாம்.

மூன்றாவது வெண்பூசணி சூப். நாம் திருஷ்டிக்கு உடைக்கும் அதே பூசணி, அங்கே சூப்புக்குப் போகிறது. பூசணி 500 கிராம், யிமி என்ற நெற்பவளத் தானியம் 50 கிராம், பன்றி விலாவெலும்பு 300 கிராம், இஞ்சி 3 வில்லை, தண்ணீர் 1.5 லிட்டர். சைவத்துக்கு ஷீடாகே காளான் 8. யிமியை 3 மணி நேரம் ஊறவைத்து எலும்போடு ஒரு மணி நேரம் வேகவிட்டு, தோலோடு நறுக்கிய பூசணியைக் கடைசி 20 நிமிடத்தில் சேருங்கள். உப்பு இறக்கும்போது. சாம்பல் பூச்சைத் தேய்த்துக் கழுவுங்கள், தோலைச் சீவாதீர்கள்: சிறுநீரைப் பெருக்குவது தோல் என்பது அவர்கள் கணக்கு. யிமி வாங்கும்போது கவனம் தேவை. 'வெளிநாட்டு யிமி' என்ற பெயரில் பார்லி விற்கும். நெற்பவளம் பருமனாக, ஆழ்ந்த அகன்ற பழுப்புப் பள்ளத்தோடு இருக்கும். பார்லி சிறுத்து மெலிந்திருக்கும். கர்ப்பிணிகள் யிமியைத் தவிர்ப்பது மரபு.

இவை மூன்றும் தாகத்துக்கானவை. நாளெல்லாம் வெயிலில் வியர்த்தவருக்கு உப்பும் வேண்டும். பிளம் பானம் உப்புக் கரைசலுக்கு மாற்றாகாது.

சான்ஃபு: ஈரமும் சூடும் சேரும் 30, 40 நாள்

இங்கேதான் முறை தலைகீழாகிறது. இதுவரை கசப்பும் புளிப்பும் என்று போனவர்கள், இப்போது வயிற்றைச் சூடாக வைக்கிறார்கள். முதல் ஃபுவில் ஜியாவ்சி, இரண்டாவதில் நூடுல்ஸ், மூன்றாவதில் முட்டை விரித்த ரொட்டி என்பது வடக்கத்திச் சொல்வழக்கு. ஜியாங்சு மாநிலத்து ஷூஜோவில் ஆட்டு சூப்பை மிளகாய் எண்ணெயோடு குடித்து வியர்த்துக் கொட்டுவார்கள். 'ஃபு ஆடு' என்றே அதற்குப் பெயர். தெற்கே குவாங்தோங்கில் தாஷு அன்று கருநிற மூலிகைக் கூழான ஷியன்சாவ். ஃபூஜியானின் புத்தியானில் லிச்சி. ஒரே நாடு, ஒரே நாள், ஒருபுறம் கொதிக்கும் சூப், மறுபுறம் குளிர்ந்த கூழ்! இதில் எது சரி என்று கேட்பதைவிட, வாயும் வயிறும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பதே அவர்கள் மருத்துவர்கள் செய்வது. நாக்கு சிவந்து, வாய் வறண்டு, மலம் இறுகியவருக்குக் கூழ். நாக்கில் வெள்ளைப் படலம், கனத்த உடம்பு, இளகிய மலம் என்றால் இஞ்சியும் சூடான கஞ்சியும். யூரிக் அமிலம் உள்ளவர்கள் ஆட்டு சூப்பை விட்டுவிடுவது நல்லது.

குளிர்காலத்தில் முள்ளங்கி, கோடையில் இஞ்சி, மருத்துவர் சீட்டு வேண்டாம் என்றொரு பழமொழி உண்டு. அளவு சிறிது: காலையில் மட்டும், 5 கிராம், அதாவது இரண்டு மூன்று மெல்லிய வில்லை, கஞ்சியோடு. இரவில் இஞ்சி வேண்டாம் என்பதும் அதே மரபுதான்.

உறக்கம்: இரவு சற்றுத் தாமதமாகப் படுத்து அதிகாலையில் எழுவது கோடை விதி. குறையும் தூக்கத்தை நண்பகல் 11 முதல் 1 மணிக்குள் 20, 30 நிமிடக் குட்டித் தூக்கம் ஈடுசெய்யும். ஒரு மணி நேரம் தாண்டினால் எழும்போது தலை கனக்கும். மேசையில் கவிழ்ந்து தூங்காமல் சாய்ந்து படுங்கள். மூங்கில் பாயைப் புதிதாக வாங்கியதும் வெந்நீரில் துடைத்து வெயிலில் காயவைத்து விரிக்க வேண்டும். பின்னரும் தினமும் வெதுவெதுப்பான துணியால் துடைக்காவிட்டால் பூச்சிக்கடி போலத் தடிப்பு வரும். முதியவர்களுக்கு மூங்கில் மிகக் குளிர்ச்சி, கோரைப்பாய் போதும். குழந்தை எப்படிப் புரண்டாலும் தொப்புள் மேல் ஒரு துணி இருக்க வேண்டும் என்பதற்காக 'துதோவ்' என்ற வயிற்றுக்கட்டு கட்டுவார்கள்.

குளியல்: வியர்வை அடங்க 15 நிமிடம் காத்து, வெதுவெதுப்பான நீரில். தலை காயாமல் படுக்கக் கூடாது. ஏசி 26 டிகிரி. சீன அரசு 2007இல் பொதுக் கட்டடங்களுக்கு இட்ட கோடைக் கீழ்வரம்பும் இதே எண்தான், அது மின்சாரச் சிக்கனத்துக்காக. காற்று கழுத்திலோ பாதத்திலோ நேரே படாதபடி திருப்பிவிடுங்கள்.

சான்ஃபு பற்று: குளிர்கால நோய்க்குக் கோடையில் மருந்து என்ற கொள்கையில், ஒவ்வொரு ஃபுவின் முதல் நாளும் முதுகில் குறித்த புள்ளிகளில் மூலிகைப் பற்றை ஒட்டுவார்கள். மூச்சிரைப்பு, நாள்பட்ட இருமல், மூக்கொழுகல் உள்ளவர்கள் அந்த நாளில் மருத்துவமனைகளில் வரிசையில் நிற்பார்கள். வெண்கடுகு, யான்ஹூசுவோ, கான்சுய், ஷீஷின் ஆகியவற்றின் பொடியை இஞ்சிச் சாற்றில் குழைத்தது அந்தப் பற்று. பெரியவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரம், குழந்தைகளுக்கு 1 முதல் 2 மணி நேரம் என்பது பொது வழக்கம். எரிச்சல் தாங்காவிட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். 'கொப்புளம் வந்தால்தான் வேலை செய்கிறது' என்பது ஆபத்தான பேச்சு. இதை வீட்டில் செய்யவே வேண்டாம்: கான்சுய் நச்சுத்தன்மை உள்ளது, வெண்கடுகு தோலை வேகவைத்துவிடும். கர்ப்பிணிகள், காய்ச்சல் உள்ளவர்கள், தோல் ஒவ்வாமை உள்ளவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்குக் கூடாது. பற்று ஒட்டினோம் என்று ஆஸ்துமா மருந்தை நிறுத்துவதும் கூடாது.

வெயில் தாக்கினால்

ஹுவோஷியாங் ஜெங்ச்சி என்ற சின்னப் புட்டி மருந்து சீன வீடுகளில் கோடை முழுதும் இருக்கும். வெயிலுக்கு மருந்து என்று பெயர் வாங்கிவிட்டாலும், அது ஐஸ் தின்றும் ஏசியில் கிடந்தும் வரும் குமட்டல், வயிற்றுப்போக்குக்கு உரியது. வெயிலில் மயங்கியவருக்கு அது தவறான மருந்து. 'நீர்' வடிவத்தில் 40 முதல் 50 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. வண்டி ஓட்டுமுன் குடிக்கக் கூடாது. செஃபோபெரசோன் போன்ற சில ஆன்டிபயாடிக் எடுப்பவர் குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, இரத்த அழுத்தம் விழலாம்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினால், அல்லது நினைவு தப்பினால் எந்த மரபு வைத்தியத்துக்கும் நேரமில்லை. நிழலுக்குக் கொண்டுவந்து, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் சீனத்தில் 120, இந்தியாவில் 108. வெதுவெதுப்பான நீர், மெல்லக் குளிர்வித்தல் என்ற முந்தைய விதிகள் இங்கே செல்லாது. எவ்வளவு விரைவாகக் குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது.

லிச்சியூ: மறுபடி எடை

லிச்சியூ அன்று அதே தராசில், அதே நேரத்தில் ஏறுங்கள். இளைத்தவர்கள் இறைச்சி தின்று தேற்றிக்கொள்வது வடக்கே வழக்கம், 'கூதிர்க் கொழுப்பை ஒட்டுதல்' என்பார்கள். அன்றே சிவப்புக் கறியில் இறங்கினால் இரண்டு மாதம் மந்தமாக இருந்த வயிறு தாங்காது. முதல் வாரம் சிறுதானியக் கஞ்சி, பூசணி, முட்டை. இரண்டாம் வாரம் மீன், கோழி. கடைசி ஃபு முடிந்தபின் பன்றியும் ஆடும். எடை குறையாதவருக்கு இந்தக் கறி விருந்துக்கு வேலையே இல்லை. தர்ப்பூசணியை அன்று கடித்து விடைகொடுக்கும் வழக்கமும் உண்டு: ஆளுக்கு இரண்டு கீற்று, மதியத்தில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி கழித்து.